காதலில் 'டியூப்லைட்' யார்? வேப்பந்தட்டை அத்தையின் பென்சில் கணக்கு

நாவலில் ஹீரோவுக்கு ஹீரோயின் மேல் காதல் என்பது உங்களுக்கு 9-ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஹீரோயினுக்குத் தெரிய 151-ஆம் பக்கம் ஆகிறது. நடுவில் இருக்கும் 142 பக்கங்களை ஏன் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறோம்?

என்னை இப்படி யோசிக்க வைத்தவர் வேப்பந்தட்டையில் இருக்கும் என் அத்தை. எந்த அத்தை என்று ஊருக்குள் விசாரிக்க வேண்டாம். முறைக்கு அங்கே எனக்கு ஏழெட்டு அத்தைகள். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிற ஊர் அது. அங்கே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் விவசாயம் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பஸ் ஜன்னலில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

அத்தைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவர் வீட்டு மர பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நாவல்கள். மாத நாவல்கள், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை, பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் வாங்கியவை, வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டவை. 2கே கிட்ஸுக்கு ஒரு குறிப்பு: 'பைண்டு' என்பது அந்தக் காலத்து பிடிஎஃப்.

ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் பென்சிலில் இரண்டு எண்கள் இருக்கும். 9/151. 14/130. 22/188. முதலில் ஏதோ பால் கணக்கு என்று நினைத்தேன். கேட்டபோது சிரித்தார்.

"மொத நம்பரு எனக்குத் தெரிஞ்ச பக்கம். ரெண்டாவது அவளுக்குத் தெரிஞ்ச பக்கம், பாப்பா. எவ்ளோ பெரிய டியூப்லைட்டுன்னு கணக்கு."

மீடியா ஸ்டடீஸ் படித்தபோது இதை எங்களுக்கு 'நாடக முரண்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருப்பது. அத்தை அதையே பென்சிலை வைத்து முப்பது வருஷமாக அளந்து கொண்டிருக்கிறார்.

லேட்டா எரிஞ்சா தப்பா?

இல்லை என்பதுதான் அத்தையின் முதல் கருத்து. இடைவெளி பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு நாவல் மோசமாகிவிடாது. ஏன் லேட் ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம்.

அவர் சொன்ன முதல் உதாரணம் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, 2022, 2023-இல் மணிரத்னம் படங்கள் வந்த பிறகு நம் டைம்லைன் முழுக்க ஓடியது. அதில் பூங்குழலிக்கு அருள்மொழிவர்மன் மேல் ஆசை. சேந்தன் அமுதனுக்குப் பூங்குழலி மேல் ஆசை. அமுதன் மறைக்கவே இல்லை, ஆனாலும் அவள் கண்ணில் அது படவில்லை. "அவ கடலைப் பாத்துட்டு நிக்கறா. பக்கத்துல நிக்கற ஆளு எங்க தெரியப் போறான்?" என்று அத்தை அவளை மன்னித்துவிட்டார். ஐந்தாம் பாகத்தின் முடிவில் அமுதனையே கல்யாணம் செய்துகொள்வதால் முழு மார்க்.

அதே கதையில் பெரிய பழுவேட்டரையருக்கு மார்க் கிடையாது. அவர் எங்கள் பக்கத்து ஆள். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில்தான் பழுவூர். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள், சோழ நாட்டுப் பொக்கிஷத்துக்கே பொறுப்பு, ஆனால் வயதான காலத்தில் மணந்த நந்தினி தன்னை எதற்காக மணந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை. "ஊரே பேசுது. யாராவது எடுத்துச் சொன்னா அவங்க மேலயே பாயறாரு. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு முடிவோட இருக்கறவருக்கு என்ன பண்ண முடியும்?"

ஆண் டியூப்லைட்டுகள் நிறைய பேர் இந்த ரகம் என்பது அத்தையின் கட்சி. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பாபுவையும் இதே வரிசையில் உட்கார வைக்கிறார். யமுனாவைத் தெய்வம் மாதிரி உயரத்தில் வைத்துவிட்டால், அவள் மேல் ஆசை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, இல்லையா? எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பாபு அவ்வளவு சுலபமான ஆள் இல்லை என்று வாதாடினேன். "நீ சின்னப் பொண்ணு" என்று ஃபைலை மூடிவிட்டார்.

எம்மாவும் விவசாயி மாப்பிள்ளையும்

காதலில் விவரம் இல்லாத ஹீரோயின் என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்லும் பெயர் எம்மா. ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவல், 1815 டிசம்பரில் வெளியானது. இதை அப்படியே அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி ஏமி ஹெக்கர்லிங் எடுத்த 'க்ளூலெஸ்' 1995-இல் வந்து கல்ட் ஆனது. இந்தியில் சோனம் கபூர் நடித்த 'ஆயிஷா' (2010) இதே கதைதான். தமிழில் நமக்குக் கிடைத்தது ஆஸ்டினின் வேறொரு நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. ராஜீவ் மேனன் அதை 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆக்கினார். வீட்டுக்கே வந்து போகும் மம்மூட்டியைக் கவனிக்காமல் கவிதை பேசும் அப்பாஸ் பின்னால் போகும் ஐஸ்வர்யா ராயை நினைவிருக்கிறதா? அதேதான்.

போன பொங்கல் லீவில், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தைக்கு 'எம்மா' கதையைச் சொன்னேன். எம்மாவுக்கு 21 வயது ஆகப் போகிறது. பணக்காரி, அம்மா இல்லை, அப்பா எதற்கும் குறுக்கே வரமாட்டார். தனக்குக் கல்யாணமே வேண்டாம், ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்து வைப்பேன் என்று கிளம்புகிறாள். குடும்ப நண்பர் நைட்லி, 16 வயது மூத்தவர், அடிக்கடி வந்து திட்டிவிட்டுப் போகிறார்.

"அவன்தான்" என்றார் அத்தை.

இரண்டாவது வெங்காயம்கூட முடியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார். ஊருக்கு வரும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற பெண்ணுக்கு, யார் அனுப்பியது என்றே தெரியாமல் ஒரு பியானோ வந்து இறங்குகிறது. தோழியின் கணவர் அனுப்பியிருப்பார், இருவருக்கும் ஏதோ இருக்கிறது என்று எம்மா கணக்குப் போடுகிறாள். அத்தையும் அதே கணக்கைப் போட்டார். உண்மையில் அனுப்பியது ஃபிராங்க் சர்ச்சில். இருவருக்கும் ரகசியமாக நிச்சயமே ஆகியிருக்கிறது. இதைச் சொன்னதும் அத்தைக்குக் கோபம். "கதையை அவ கண்ணு வழியாவே சொல்லிட்டு வந்தா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஆஸ்டின் செய்த வேலையே அதுதான். எம்மாவின் பார்வையிலேயே நம்மை நடத்திக்கொண்டு போய், முதல்முறை படிக்கும்போது நம்மையும் டியூப்லைட் ஆக்கிவிடுவது. நைட்லியைக் கண்டுபிடித்த திருப்தியில் ஜேனைக் கோட்டை விட்டுவிடுவோம். அந்த நாவலுக்கு அத்தையின் பென்சிலால் ஒரே எண்ணைப் போட முடியாது.

ஆனாலும் அத்தைக்கு எம்மாவைப் பிடிக்கவில்லை. காரணம் ஹாரியட். எம்மாவின் தோழி, அப்பா பெயர் தெரியாத ஏழைப் பெண். ராபர்ட் மார்ட்டின் என்ற விவசாயி அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். உன் தகுதிக்கு அவன் சரிவர மாட்டான் என்று எம்மா அந்தச் சம்பந்தத்தைக் கலைத்துவிடுகிறாள். எம்மா பார்த்து வைத்த பாதிரியார் எல்டனோ, எம்மாவிடமே வந்து காதலைச் சொல்கிறான். இங்கே நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல விவசாயம் பாக்கற பையன்னு சொன்னாலே பொண்ணு குடுக்க யோசிக்கறாங்க. மக்காச்சோளக் காடு பத்து ஏக்கர் இருந்தாலும், மாசச் சம்பளம் எவ்ளோன்னு கேக்கறாங்க. அந்த எம்மாவுக்கு என்ன நஷ்டம்? அவ தப்பா நெனச்சா அடுத்த நாள் திருத்திக்கலாம். ஹாரியட்டு அழுவுறாளே."

கதையின் முடிவில் ஹாரியட் மார்ட்டினையே கல்யாணம் செய்துகொள்கிறாள் என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார். வசதியானவர்களின் 'புரியாமை' அவர்களுக்குக் காமெடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செலவு. ஆங்கில இலக்கியம் படித்த நண்பர்கள் யாரும் எனக்கு இதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஃபியூஸைப் பிடுங்கி வைக்கும் ஹீரோக்கள்

இனி பீரோவின் பெரும்பகுதிக்கு வருவோம்: குடும்ப நாவல்கள்.

1969-இல் 'ராணி முத்து' தொடங்கிய பிறகு, மாதம் ஒரு முழு நாவல் என்பது தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகள் வரை போய்ச் சேர்ந்தது. லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி என்று ஒரு தலைமுறை. அதன் பிறகு 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரன். அருணோதயம் வெளியிட்ட அவருடைய புத்தகங்களைப் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்காமல் இந்தப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இப்போது அதே வாசகர்களும் அவர்களின் மகள்களும் பிரதிலிபியிலும் கிண்டிலிலும் இருக்கிறார்கள். எபிசோடு எபிசோடாக வருகிறது, 'ஆன்ட்டி ஹீரோ' என்று தனி டேக்கே உண்டு.

இந்த நாவல்களை மட்டம் தட்டி ஒரு கட்டுரை எழுதுவது ரொம்ப ஈஸி. நான் எழுதப் போவதில்லை. கிணற்றடியும் அடுப்படியும் தவிர வேறெங்கும் போகாத ஒரு பெண்ணுக்கு ஊட்டியையும், இன்டீரியர் டெகரேட்டர் என்று ஒரு வேலை இருப்பதையும், 'எனக்கு இஷ்டமில்லை' என்று ஒரு பெண் நிமிர்ந்து சொல்லலாம் என்பதையும் காட்டியது இவைதான். 'நாவல் படிச்சா பொண்ணு கெட்டுப் போயிடும்' என்று தாத்தா சொன்ன காலத்தில், அரிசிக் குதிருக்குள் ஒளித்து வைத்து அத்தை படித்திருக்கிறார்.

அதே அத்தைதான் இப்போது ஒரு வகைக் கதையை மட்டும் ஒதுக்கி வைக்கிறார். உங்களுக்கும் தெரிந்த டெம்ப்ளேட் அது. ஹீரோ ஹீரோயினைத் தப்பாக நினைத்து, பழிவாங்கக் கல்யாணம் செய்கிறான். திட்டுகிறான், பூட்டி வைக்கிறான், சில கதைகளில் அறைகிறான். அவளுக்கு எதற்கென்றே புரியாது. கடைசி அத்தியாயத்தில், முதல் நாளிலிருந்தே உன்மேல் உயிராக இருந்தேன் என்று விளக்கம். அவள் கண் கலங்கி மார்பில் சாய்கிறாள். சுபம்.

இந்தப் புத்தகங்களில் பென்சில் எண்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் 11/146 என்று போட்டவர், பிறகு எடுத்துப் படித்து, கோடு கிழித்திருக்கிறார்.

"நூத்தி முப்பது பக்கம் அழ விட்டுட்டு ரெண்டு பக்கத்துல காதல்னு சொன்னா ஆச்சா? இவ டியூப்லைட்டு இல்ல பாப்பா. அவன் ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்டுல வெச்சிருக்கான்."

எனக்கு இந்த உரையாடலிலேயே முக்கியமான இடம் இதுதான். தானாகப் புரியாமல் இருப்பதும், புரியவிடாமல் வைத்திருப்பதும் பக்கத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது காதல் கதை. இரண்டாவதை ரீல்ஸ் மொழியில் 'ரெட் ஃப்ளாக்' என்கிறோம். ஆனால் வாசிக்கும்போது நமக்கு ஹீரோவின் மனசு தெரிந்திருப்பதால், அவன் செய்வதையெல்லாம் அவன் சார்பில் மன்னித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த வீட்டுக்குள் இருப்பவளுக்கு அந்த வசதி இல்லை.

'மடம்' என்று ஒரு வார்த்தை

பெண்ணுக்குக் காதல் விஷயம் தெரியாமல் இருப்பது அழகு என்ற எண்ணம் மாத நாவல்களோடு வந்ததில்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற பட்டியலை எல்லோரும் கேட்டிருப்போம். தொல்காப்பியம் சொல்வது இதில் மூன்றைத்தான். பயிர்ப்பு பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இதில் மடம் என்றால் என்ன? பள்ளிக்கூட நோட்ஸில், அறிந்தும் அறியாதது போல இருத்தல் என்று படித்திருப்பீர்கள். பழைய உரையோ, சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்கிற மாதிரி விளக்குகிறது. ஒன்றில் அவளுக்கு எல்லாம் தெரியும், நடிக்கிறாள். இன்னொன்றில் அவளாக எதையும் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைய பேச்சில் 'மடமை' என்றால் நேரடியாக முட்டாள்தனம். பெண்ணின் பருவங்களுக்கு வைத்த பெயர்களில் முதலாவதான 'பேதை'க்கும் இன்னொரு பொருள் விவரம் அறியாதவள் என்பதே.

அப்படியென்றால் சங்க காலத்துத் தலைவி காதலில் டியூப்லைட்டா?

கவிதைகளைப் பார்த்தால் தலைகீழ். அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், தோழிக்கு நன்றாகவே தெரியும். சில நாளில் ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தக் கிசுகிசுவுக்கு 'அலர்' என்று பெயர். விஷயம் தெரியாத ஒரே இடம் அவள் வீடு. மகள் சாப்பிடவில்லை, மெலிகிறாள், வளை கழல்கிறது என்று அம்மா பதறுகிறாள். கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கிவிட்டான் என்று முடிவாகிறது. வேலன் வந்து வெறியாடுகிறான், ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு வந்திருப்பது காதல்.

நற்றிணையில் ஒரு பாட்டில் தோழி முருகனிடமே நேராகப் பேசுகிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று உனக்கே தெரியும், தெரிந்தும் இந்த வெறியாட்டுக்கு வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் உனக்கு விவரம் போதாது என்கிறாள். அந்த 'விவரம் போதாது' என்பதற்கு அவள் எடுக்கும் சொல் எது தெரியுமா? பெண்ணுக்கு அழகு என்று பட்டியலில் வைத்தோமே, அதே 'மடம்'. அதைத் தூக்கி முருகன் தலையில் வைத்துவிட்டாள். பாடலின் எண் 34. டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம்.

கடைசியில் யாராவது வாயைத் திறக்க வேண்டும். தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், அங்கிருந்து அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் போகும். இந்தச் சங்கிலிக்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். கபிலர் 261 அடிகளில் எழுதிய குறிஞ்சிப்பாட்டு முழுக்க இந்த ஒரே வேலைதான்: தோழி செவிலியிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்வது. போட்டுக்கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்வதற்கு அறம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெங்காயம் உரித்து முடித்த பிறகு

இந்த வெறியாட்டுக் கதையைச் சொன்னபோது அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு நடந்ததை எழுதலாமா என்று இரண்டு பேரிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்று இருவருமே சொன்னார்கள்.

அத்தையின் மகளுக்கு 24 வயது. திருச்சியில் வேலை. முந்தைய வருஷம் லீவில் வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, இளைத்துப் போயிருந்தாள், ராத்திரியில் தூங்கவில்லை. பிளட் டெஸ்ட் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி, கீரை சாப்பிடச் சொன்னார்கள். சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய், மந்திரித்த கயிறு ஒன்றைக் கையில் கட்டிவிட்டு வந்தார்கள்.

9-ஆம் பக்கத்திலேயே கண்டுபிடிக்கிற அத்தைதான் கயிறு கட்டக் கூட்டிப்போனது.

எட்டு மாசம் கழித்து, ஹாஸ்டலில் கூட இருந்த பெண் போன் செய்து சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நற்றிணை தெரியுமோ என்னவோ, தோழி வேலையை ஒழுங்காகச் செய்தாள். அத்தையின் வாயில் முதலில் வந்த கேள்வி, "பையன் எந்த ஊரு?" அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேட்டவுடனே தனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது என்கிறார். "கதையில வர்ற அம்மா இப்படிக் கேட்டா நான் திட்டுவேன்."

ஏன் தெரியவில்லை என்று அவரிடமே கேட்டேன். "அவளைப் பாக்கும்போது எனக்குப் பத்தாவது படிக்கற பொண்ணுதான் தெரியறா. நாவல்ல வர்றவளை நான் வளக்கலையே."

அதன் பிறகு அத்தைக்கு வந்த வேலை கஷ்டமானது. மாமாவிடம் யார் சொல்வது? நேராகச் சொன்னால் வீடு என்ன ஆகும் என்று தெரியாது. இந்த மாதிரி விஷயம் வெளியே தெரிந்த பிறகு பெண்ணின் வேலையை நிறுத்தி, போனைப் பிடுங்கி, இரண்டு வாரத்தில் வேறு மாப்பிள்ளை பார்த்த வீடுகளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஃபியூஸ் பிடுங்குவது ஹீரோக்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. அதனால் அத்தை முதலில் மகளை லீவு முடிவதற்குள் திருச்சிக்கு அனுப்பி வைத்தார். சர்டிபிகேட்டுகளையும் ஆதார் கார்டையும் அவள் பையில் வைத்துவிட்டார். பிறகுதான், சாப்பாடு முடிந்து மாமா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

மாமா கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஆறு மாசம். மகளிடம் மட்டுமில்லை, அத்தையிடமும். "எட்டு மாசமா எனக்குத் தெரியலங்கறது அவருக்கு நம்பிக்கை வரல. ஒளிச்சேன்னு நெனக்கறாரு. இவ்ளோ கதை படிக்கறவளுக்குத் தெரியாம இருக்குமான்னு கேக்கறாரு."

அவர் கேட்டதும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தார். அடுத்த தடவை வரும்போது 'எம்மா' தமிழில் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னார். முடிவு தெரிந்த கதைதானே என்றேன். ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் வரும் இடத்தையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டுமாம், எங்கே கோட்டை விட்டோம் என்று. வைக்கப் போகும்போது, இன்னொரு விஷயம் என்றார். காலையில் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, அந்தப் பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டாராம். அத்தை சொன்னாராம். 'ம்' என்றாராம். அதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்தது.